துடைக்கப் போவது யார்?

சென்ற மாதம் ஷார்ஜாவிலிருந்து பிரவீன் ஒரு படம் அனுப்பியிருந்தார். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்ற கவுண்டரில் இப்போது நிற்பவர் அவர். கடை தன் வியாபாரத்தை மெல்ல மெல்லக் கைபேசிச் செயலிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. முதல் முறையாகக் கைத்துப்பாக்கி வாங்கியவர்கள், அதைச் சுத்தம் செய்யத் தேவையான சாமான்களைக் கடைக்கு வராமலே தேர்ந்தெடுக்க ஒரு படிவம் தயாராகியிருந்தது. அதில் நான்கு கேள்விகள். குழலின் அளவு என்ன, மேல்பூச்சு எந்த வகை, மாதத்தில் எத்தனை முறை சுடுவீர்கள், எங்கே வைத்திருப்பீர்கள்.

"உங்க காலத்துல கேட்டதெல்லாம் வந்துருச்சா சார்? எதுவும் விட்டுப்போச்சா?" என்று கீழே கேட்டிருந்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு. துடைக்கப் போறது யாருன்னு கேக்கணும்" என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "வாங்குறவர்தானே சார் துடைப்பார்? அதைப் போய்க் கேக்கணுமா?"

விரலால் தட்டி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு மாலை நாளிதழுக்கு நான்கு ஆண்டுகள் செய்தி எழுதிவிட்டு வளைகுடாவுக்குப் போனவன் நான். முதலில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஸ்டோரில் வேலை. அது மூடப்பட்டபோது, பொருள்களை ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவன் என்று யாரோ சொல்லி இந்தக் கடையில் சேர்த்துவிட்டார்கள். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் பாலைவன முகாமுக்கும் வேண்டிய சாமான்கள் விற்கும் பெரிய கடை. பின்பக்கம் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் துப்பாக்கிகள். அங்கே வேலை பார்ப்பவர்கள் அந்த நாட்டுக் குடிமக்கள் மட்டும். கண்ணாடிக்கு இப்பால் என் கவுண்டர். பிரஷ், எண்ணெய், துணி, உறை.

இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் ஒரு கைத்துப்பாக்கியைத் தொட்டதில்லை. தொட எனக்கு அனுமதி கிடையாது. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தொடலாம், கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர்கள் தொடலாம். நான் அதன் அளவும் குணமும் நோயும் தெரிந்தவன், அவ்வளவுதான். முதல் மூன்று மாதத்தில் பிரஷ்களின் பெயரைக் கற்றேன். அடுத்த மூன்று மாதத்தில் எந்தச் சாமானை யாருக்குத் தரக்கூடாது என்று கற்றேன். வேலை என்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

என் மேலாளர் இத்ரீஸ், சூடான்காரர். ராணுவத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்தவர். என்னைவிட மூன்று வயது இளையவர். சட்டைக் கையை இரண்டே மடிப்பு மடித்திருப்பார். வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலைக்கூட எடுக்க மாட்டார். பச்சைத் துணியைக் கவுண்டரில் விரிப்பார், சுருக்கம் நீங்கத் தடவுவார், இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு கேட்பார். அரபியும் உருதும் பிசைந்த கடைப் பேச்சு அவருடையது. தமிழில் தருகிறேன்.

"யல்லா, சீக்கிரம், அந்தப் பெரிய பெட்டியைக் கொடு" என்பார் அவசரக்காரர் ஒருவர்.

"பெரிய பெட்டியில நாற்பது சாமான் இருக்கு. உனக்கு ஏழு போதும். மீதி முப்பத்து மூணை வச்சு உன் பிள்ளைங்க விளையாடும்."

அந்த ஏழு இவை. குழலுக்குள் விட ஒரு கம்பி. வெறும் இரும்பாக இருந்தால் குழலின் வாயை உரசும், அதனால் மேலே உறை போட்டது. குழலின் அளவுக்குச் சரியான வெண்கல பிரஷ். மூலை முடுக்குகளுக்குப் பல் துலக்கும் பிரஷைப் போன்ற நைலான் பிரஷ். நறுக்கிய பருத்தித் துணிகள். சுட்டபின் தங்கும் வெடிமருந்துக் கரியை இளக்கும் கரைப்பான். சொட்டுச் சொட்டாக விழும் மெல்லிய எண்ணெய். கடைசியில் மேலே துடைக்க சிலிகான் தோய்த்த துணி.

எண்ணெய் மூன்று சொட்டுக்கு மேல் கூடாது. நம் ஊரில் தையல் மெஷினுக்கு விடுவதுபோல் விட்டால், காற்று அடிக்கும் நாளில் மாவு போன்ற மணல் அதில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாளாகிவிடும். கோடையில் ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் மூக்குக்கண்ணாடி வேர்ப்பதுபோல் துப்பாக்கியும் வேர்க்கும். கடலோரக் காற்றில் ஒரு கட்டைவிரல் ரேகை போதும், வாரக் கடைசிக்குள் அந்த ரேகை துருவாக எழுந்துவிடும். இதெல்லாம் இத்ரீஸ் சொல்லித் தெரிந்துகொண்டவை.

அவருடைய கேள்வித்தாளில் ஐந்து கேள்விகள் இருந்தன. பெரும்பாலான கேள்விகளுக்குப் பின்னால் ஒரு தவறு இருந்தது. மேல்பூச்சு பற்றிய கேள்வி என் தவறு. நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு ஒருவருக்கு அம்மோனியா கலந்த கரைப்பானைக் கொடுத்தேன். செம்புக் கறையை நன்றாக எடுக்கும் பொருள். அவருடையது நிக்கல் பூசியது என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஊறட்டும் என்று ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டார். நிக்கலுக்கு அடியில் செம்புப் பூச்சு இருக்கும். அம்மோனியா அதைத் தின்றுவிட்டது. குழலின் வாயைச் சுற்றிப் பூச்சு வெங்காயத் தோல்போல் உரிந்து வந்தது. இத்ரீஸ் என்னைத் திட்டவில்லை. கேள்வித்தாளை எடுத்து, "உன் கையெழுத்திலேயே சேர்த்து எழுது" என்றார்.

ஐந்தாவது கேள்விக்குப் பின்னால் மட்டும் எனக்குத் தெரிந்து தவறு எதுவும் இல்லை. துடைக்கப் போவது யார்? ராணுவத்தில் ஆயுதம் யாரிடம் கொடுக்கப்பட்டதோ அவர்தான் துடைக்க வேண்டும் என்ற பழக்கத்தில் அவர் அதைச் சேர்த்திருந்தார். எல்லோரும் "நான்" என்றார்கள். நானும் பல ஆண்டுகள் நிமிர்ந்து பார்க்காமலே அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன்.

ஒரு மே மாத முற்பகல். கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

"பாய், பிஸ்டல் கா தேல் சாஹியே. ஸ்ட்ராங் வாலா" என்றார். துப்பாக்கிக்கு எண்ணெய் வேண்டுமாம், ஸ்ட்ராங்காக. அந்த 'வாலா'வில் வைகைக் கரை கேட்டது.

"எந்த ஊரு?"

"பரமக்குடி பக்கம்ணே. அட, தமிழா நீங்க? வர்ற வழியெல்லாம் சிக்னலுக்குச் சிக்னல் இந்த ஹிந்தியை ஒத்திகை பாத்துக்கிட்டு வந்தேன். வீணாப் போச்சு."

பெயர் செல்வம். அபு ராஷித் என்பவரின் வீட்டு டிரைவர். அபு ராஷித் ஓய்வுபெற்ற அரசு அலுவலர், இரண்டு மாதம் முன்பு எங்கள் கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து தன் முதல் கைத்துப்பாக்கியை வாங்கியவர். அன்று சாமான்களுக்கு அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். நான் கேள்வித்தாளை எடுத்தேன். அளவு சொன்னார். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றதற்கு, "அர்பாப் பெட்ரூம்ல, பெட்டகத்துல" என்றார். அர்பாப் என்றால் முதலாளி.

"துடைக்கப் போறது யாரு?"

"நான்தாண்ணே. வேற யாரு? கார் நான், காவாக் காப்பிக் கூஜா நான், வல்லூறு உக்கார்ற கட்டை நான். இதுவும் நான்தான்."

பேனாவை வைத்துவிட்டேன்.

"ஏற்கெனவே துடைச்சிருக்கியா?"

"ரெண்டு தடவை. சுட்டுட்டு வந்தாரு, குண்டெல்லாம் எடுத்துட்டேன்னு சொல்லித் துணியோட கையில குடுத்துட்டு தொழுகைக்குப் போயிட்டாரு."

"என்ன எண்ணெய் போட்ட?"

அவர் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார். "வீட்டுல எதுவும் இல்லண்ணே. என் ரூம்ல இருந்ததைத்தான் போட்டேன். தலைக்கு வைக்கிற தேங்கா எண்ணெய். பளபளன்னு வந்துச்சு. அவரே மெச்சிக்கிட்டாரு. இப்ப என்னன்னா, வெள்ளையா பூஞ்சை பூத்த மாதிரி இருக்கு. மேல் பாகத்தை இழுத்தா சிக்கிச் சிக்கி வருதாம். கம்பெனிக் குறை, கடையில கொண்டுபோய்க் குடுக்கிறேன்னு குதிக்கிறாரு. அதுக்குள்ள நல்ல எண்ணெயா வாங்கித் தேச்சுவிட்டா சரியாப் போயிரும்னு ஓடி வந்தேன்."

"பெட்ரூம்ல ஏசி எவ்வளவு?"

"எப்பவும் பதினெட்டு. நான் உள்ள போனா பல்லு கிட்டும்."

"உன் ரூம்ல?"

"வெளி ரூம்ணே. தகரத்துக்கு மேல வெயிலு. எண்ணெயெல்லாம் தண்ணி மாதிரிதான் நிக்கும்." சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். "ஐயையோ. உறைஞ்சு போச்சா?"

சிரித்துவிட்டேன். மார்கழியில் எண்ணெய்ப் பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கியவர்கள்தான் நாமெல்லாம். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கியதும் நான் கேட்டேன், "இதை நீ தொடக்கூடாதுன்னு தெரியுமா?"

"துடைக்கத்தானே செஞ்சேன். சுடவா செஞ்சேன்?"

"சுட்டியா, துடைச்சியான்னு யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. லைசென்ஸ்ல பேரு இல்லாதவன் கையில இருந்தாலே கேஸு. ஜெயிலு. அப்புறம் ஊருக்கு டிக்கெட்டு. திரும்பி வர முடியாது."

கவுண்டரில் வைத்திருந்த தன் கைகளை அவர் எடுத்துக்கொண்டார். "பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம்ணே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முடியாதுன்னு அவருகிட்ட நான் எப்படிச் சொல்றது? விசாவே அவரு குடுத்தது" என்றார்.

என் நிலைமையும் சரியாக இல்லை. லைசென்ஸ் இல்லாத ஒருவர் ஆயுதத்தைக் கையாண்டது தெரிந்தால் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பொறுப்பாளர் சயீதிடம் சொல்ல வேண்டும். அது கடையின் விதி. சொன்னால் அவர் எழுதியாக வேண்டும். எழுதினால் அந்தத் தாள் எங்கே போய் நிற்கும் என்று சொல்வதற்கில்லை. செல்வத்தைக் காரில் போய் உட்காரச் சொல்லிவிட்டு இத்ரீஸிடம் போனேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தாள்ல ஐந்தாவது கேள்வி என்ன?"

"துடைக்கப் போவது யார்."

"இனிமேல் யார்னுதான் நான் அச்சடிச்சிருக்கேன். இதுவரை யார்னு கேக்க அதுல இடமே இல்ல. உன் பத்திரிகைப் புத்தி, தாள்ல இல்லாததைக் கேட்டிருக்க."

அவ்வளவுதான் கண்டிப்பு. தொலைபேசியை எடுத்தார். அபு ராஷிதின் உடல்நலம், மகன்களின் நலம், முழங்கால் வலி, ஊரில் தன் சகோதரர் நலம் என்று மூன்று நிமிடம் போயிற்று. பிறகு சொன்னார்: "முதல் ஆயுதம் வாங்கினவர் யாருக்கும் நாங்க சாமானைக் குடுத்தனுப்புறதில்ல. நீங்களே வரணும். ஆயுதத்தையும் பெட்டியில பூட்டி நீங்களே கொண்டுவரணும். உங்க கை பார்த்துத்தான் கம்பியோட பிடியைத் தேர்ந்தெடுக்கணும். டிரைவர் கை இல்ல, உங்க கை." எதிர்முனையில் ஏதோ கேள்வி. "மாஃபி, கிடையாது. டிரைவர் கையில ஒண்ணும் தர முடியாது."

செல்வம் வெறுங்கையோடு கிளம்பினார். "என்னண்ணே சொல்றது நான்?"

"கடைக்காரன் திமிரு பிடிச்சவன்னு சொல்லு. நம்புவாரு."

மறுநாள் பத்தரை மணிக்கு அபு ராஷித் வந்தார். உயரமான மனிதர். வலக்கையில் ஊன்றுகோல், இடக்கையில் கறுப்புப் பெட்டி. என்னைப் பார்க்காமல் நேராகக் கண்ணாடி அறைக்குப் போனார். செல்வம் காரை நிறுத்திவிட்டு, உள்ளே உட்காராமல், கடையின் வாசல் கதவுக்கு வெளியே வெயிலில் நின்றார்.

கண்ணாடிச் சுவரில் சாமான் கொடுக்க ஒரு சிறு ஜன்னல் உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் இத்ரீஸும் நின்றோம். சயீத் முப்பது வயதுக்காரர், நிதானமானவர். பெட்டியைத் திறந்து, குண்டு அடுக்கும் கூட்டை வெளியே எடுத்து, உள்ளே ஒன்றும் தங்கவில்லை என்று கண்ணால் ஒரு முறையும் விரலால் ஒரு முறையும் பார்த்தார். மேல் பாகத்தை இழுத்தார். முனகிக்கொண்டு வந்தது. பள்ளங்களில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுண்டுவிரலால் எடுத்தார். அவர் விரல் சூட்டில் அது உருகி நீராகியது. முகர்ந்து பார்த்தார்.

"இது தேங்காய்."

சுண்டுவிரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இதை யார் போட்டது?"

அபு ராஷித் முதலில் சயீதைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, கடையின் முழு நீளத்தையும் தாண்டி, வாசலுக்கு வெளியே நின்றவரைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது என்று நினைக்கிறேன். நான் ஜன்னலின் விளிம்பைப் பிடித்திருந்தேன்.

"நான்தான். வீட்டில் என் மனைவி தலைக்கு வைக்கும் எண்ணெய்" என்றார்.

சயீத் அவரைச் சற்று நேரம் பார்த்தார். "அடுத்த முறை அதைத் தலைக்கே வைக்கச் சொல்லுங்கள், பெரியவரே" என்றார். பதிவேட்டில் எழுதினார். தவறான எண்ணெய், சுத்தம் செய்யப்பட்டது.

அது ஒரு மனிதனைக் காப்பாற்றச் சொன்ன பதிலா, தன் லைசென்ஸைக் காப்பாற்றச் சொன்ன பதிலா என்று பின்னாளில் யோசித்ததுண்டு. செய்தி எழுதிய பழக்கத்தில் எனக்கு எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். இதில் மட்டும் தெரியாமல் போனதை நான் பொருட்படுத்தவில்லை. இறுக்கிப் பிடித்திருந்ததில் ஜன்னலின் அலுமினியக் கோடு என் உள்ளங்கையில் பதிந்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

இத்ரீஸ் கேள்வித்தாளை ஜன்னல் மேடையில் வைத்தார். ஒன்று முதல் நான்கு வரை அவசரமில்லாமல் கேட்டார். பிறகு ஐந்தாவது.

"துடைக்கப் போவது யார்?"

"நான்" என்றார் அபு ராஷித்.

இத்ரீஸ் பேனாவை என்னிடம் கொடுத்தார். டிக் போட்டேன். அந்தக் கட்டத்தில் நான் நிமிர்ந்து பார்த்துப் போட்ட முதல் டிக் அதுதான்.

அவருக்கான ஏழு சாமான்களையும் அன்று நானே தேர்ந்தெடுத்தேன். விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததால் கம்பிக்குத் தடித்த மரப்பிடி. கரைப்பானின் நெடி ஆகவில்லை என்று பாட்டிலை முகர்ந்து பார்த்து அவரே சொன்னார். நெடி குறைந்த ஒன்றைக் கொடுத்து, ஜன்னலைத் திறந்து வைத்துத் துடைக்கச் சொன்னேன். எண்ணெய்ப் பாட்டிலில் மெல்லிய மூக்கு இருப்பதாகப் பார்த்து எடுத்தேன், மூன்றாவது சொட்டில் நிறுத்த அது உதவும். குளிரில் உறையாத எண்ணெய் என்று லேபிளில் இருந்ததை இத்ரீஸ் விரலால் தட்டிக் காட்டினார். கையுறை வேண்டாம் என்று அபு ராஷித் தள்ளிவிட்டார்.

ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே நீட்டினேன். சயீத் சொல்லச் சொல்ல அவரே செய்தார். முதல் துணி கறுப்பாகவும் பிசுக்காகவும் வந்தது. இரண்டாவது சாம்பல் நிறம். மூன்றாவதில் ஒரு கோடு. நான்காவது வெள்ளையாகவே வந்ததும் அதை விளக்கருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மேல் பாகத்தை இழுத்து விட்டார். சத்தமில்லாமல் போய் வந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கிளம்பினார். செல்வம் வாசல் கதவைத் திறந்துவிட்டு, பழக்கத்தில், கறுப்புப் பெட்டிக்குக் கையை நீட்டினார். என் பக்கத்தில் நின்ற இத்ரீஸ் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். அபு ராஷித் பெட்டியைக் கொடுக்கவில்லை. வலக்கையில் இருந்த ஊன்றுகோலைச் செல்வத்திடம் கொடுத்துவிட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, நொண்டியபடி படியிறங்கினார்.

"கலாஸ்" என்றார் இத்ரீஸ். முடிந்தது என்று பொருள். எதிர்க் கடையிலிருந்து இரண்டு டீ வரவழைத்தார். வழக்கமாக அவர் டீ குடிப்பதில்லை.

பிரவீனுக்கு இதைச் சுருக்கமாகத் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப அதைக் கட்டாயக் கேள்வியாப் போட்டுரலாமா சார்? பதில் சொல்லாம அடுத்த பக்கம் போக முடியாத மாதிரி?" என்றார். போடச் சொன்னேன்.

வேலையில் என் கடைசி வாரம் அபு ராஷித் துணி வாங்க வந்தார். அதற்கு முன்பும் பல முறை வந்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் அவரே. நான் ஊருக்குப் போவதைச் சொன்னதும் கை கொடுத்தார். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் மருந்துக் கரி கறுப்பாகப் படிந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை.

வாசல்வரை உடன் போனேன். கார் நடைபாதையை ஒட்டி நின்றது. ஓட்டுநர் இருக்கையில் செல்வம், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் டாஷ்போர்டில் வெயிலில் நின்றது. நன்றாக உருகியிருந்தது.